நேத்து மாதிரியே வேணும்

கச்சேரிக் குழுவோடு ஊர் ஊராகப் போகிறேன் என்று சொன்னதும் வரும் முதல் கேள்வி, "பாடுவீங்களா?" இல்லை என்றால், "வாசிப்பீங்களா?" அதுவும் இல்லை என்றால் கேட்டவர் முகம் லேசாக வாடிவிடும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் மட்டும், "அப்போ சவுண்டா?" என்பார்கள். ஆமாம், சவுண்டுதான். ஆனால் நான் போடும் மிக்ஸ், அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலக்கும் கலவை, உங்கள் யார் காதிலும் விழாது. அது மேடையில் நிற்பவர்களுக்கு மட்டும்.

மானிட்டர் இன்ஜினியர் என்பார்கள். மேடைக்கு எதிரே, கூட்டத்துக்கு நடுவே, தடுப்புக்குள் மிக்ஸரோடு நிற்கிறாரே, அவர் உங்களுக்கானவர். நான் மேடை ஓரத்தில், பாடகரின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிற்பேன். என் ரசிகர்கள் பத்துப் பேருக்குள்தான். ஆனால் அந்தப் பத்துப் பேருக்கும் பத்து விதமாக வேண்டும். டிரம்மருக்குத் தாளம் பிசகாமல் தட்டிக்கொண்டே இருக்கும் கிளிக் காதைத் துளைக்க வேண்டும், கூடவே பேஸ் கிதார். பேஸ்காரருக்குக் கிக் டிரம்மும் ஹைஹேட் என்னும் ஜோடித் தட்டும் போதும், பாட்டே இல்லாவிட்டாலும் கவலைப்பட மாட்டார். பாடகருக்குத் தன் குரல் எல்லாவற்றுக்கும் மேலே, சுருதி பிடிக்க ஒரு கீபோர்டு, கொஞ்சம் ரிவெர்ப் என்னும் எதிரொலி, அப்புறம் ரசிகர்களின் கூச்சல். கூச்சல் எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காதையும் இயர்பீஸ் அடைத்துவிட்டால் எதிரே ஆயிரக்கணக்கானோர் இருந்தாலும் பூட்டிய அறைக்குள் பாடுவது போலத்தான் இருக்கும். அதற்காகவே மேடை முனையில் கூட்டத்தைப் பார்த்து இரண்டு மைக் வைத்திருக்கிறோம். அந்த மைக்குகள் பெரிய ஸ்பீக்கருக்குப் போகாது. மேடைக் காதுகளுக்கு மட்டும்தான்.

சவுண்ட் செக்கில் "எப்படி இருக்கு?" என்று அவர்கள் காதில் பேசும் டாக்பேக் மைக்கில் கேட்பேன். பாடகர் அநேகமாகச் சொல்லும் பதில் ஒன்றுதான்: "நேத்து மாதிரியே வேணும்."

நேற்று திறந்த மைதானம். இன்று இரும்புக் கூரை போட்ட உள்விளையாட்டு அரங்கம். நேற்று காற்று, ஈரம். இன்று ஏசி. மைக்கும் மிக்ஸரும் அதேதான், மிக்ஸரில் நேற்றைய ஃபைலும் அப்படியே இருக்கிறது. ஆனாலும் அதைத் திறந்தால் நேற்று வந்துவிடாது. ரசிகர்களுக்கு ஒவ்வொரு கச்சேரியும் புதிது. எங்களுக்கு வேலை அதற்கு நேர் எதிர். நேற்று இருந்ததை, இடத்தையும் காற்றையும் மின்சாரத்தையும் மீறி, இன்னொரு ஊரில் அப்படியே கட்டி நிறுத்த வேண்டும். நாடோடி வாழ்க்கை, சாகசம் என்றெல்லாம் நினைத்து வருகிறவர்கள் சீக்கிரம் ஓடிவிடுவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். சாகசம் நடந்தால் அன்றைக்கு வேலை கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு காலத்தில் இந்த வேலையே கிடையாது. 1965-இல் பீட்டில்ஸ் குழு நியூயார்க்கின் ஷியா ஸ்டேடியத்தில் வாசித்தபோது 55,000 பேருக்கு மேல் கூடினார்கள். மேடையில் இருந்தவர்களுக்குத் தங்கள் பாட்டே சரியாகக் கேட்கவில்லை. அவர்களைப் பார்த்துத் திருப்பி வைத்த ஸ்பீக்கர் என்று ஒன்று அங்கே இல்லை. 1974-இல் கிரேட்ஃபுல் டெட் குழுவினர் வேறு வழி பிடித்தார்கள். சுமார் 600 ஸ்பீக்கர்களைச் சுவர் மாதிரி அடுக்கி, அதைத் தங்களுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார்கள். ரசிகருக்கு என்ன கேட்கிறதோ அதுவே அவர்களுக்கும். தனி மானிட்டர் தேவையில்லை. ஸ்பீக்கர் பின்னால் இருந்தால் மைக் 'கூ' என்று ஊளையிடுமே? அதற்கு ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்கை எதிரெதிர் போலாரிட்டியில், அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும்படி, இணைத்து, ஒன்றில் மட்டும் பாட வைத்தார்கள். பின்னாலிருந்து இரண்டிலும் ஒரே மாதிரி விழும் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, ஒன்றில் மட்டும் விழும் குரல் மிஞ்சும். அபாரமான யோசனை. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. கட்டவே நேரம் போதாமல், ஒரு ஊரில் கச்சேரி நடக்கும்போதே அடுத்த ஊருக்கு இன்னொரு மேடைச் சட்டத்தை அனுப்ப வேண்டியிருந்தது. அந்த வருடத்தோடு மூட்டை கட்டிவிட்டார்கள். சவுண்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் லாரிக்கு ஒத்துவராவிட்டால் அது டூருக்கு ஆகாது.

லாரியைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். சுற்றுப்பயணத்தில் எல்லாமே சக்கரம் வைத்த பெட்டிக்குள்தான் வாழும். பிளைவுட் பலகை, அலுமினிய ஓரம், வண்ணத்துப்பூச்சிப் பூட்டு. பெட்டிகளின் அளவு சும்மா வந்ததில்லை. லாரியின் உள் அகலம் ஏறக்குறைய 2.4 மீட்டர். அதனால் 60 சென்டிமீட்டர் அகலமுள்ள பெட்டி என்றால் குறுக்கே நான்கு, 120 என்றால் இரண்டு. நடுவில் சந்து இல்லாமல் உட்கார்ந்துவிடும். சந்து இருந்தால் பெட்டி ஆடும். ஆடினால் உள்ளே இருக்கும் மிக்ஸரின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். கேட்கச் சுலபம். இரவு ஒரு மணிக்கு, எல்லோரும் களைத்துப்போய், உள்ளூரில் கூலிக்கு வந்த இருபது பேர் கைக்குக் கிடைத்த பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது அந்த வரிசையைக் காப்பாற்றுவது தனிக் கலை. எங்கள் குழுவில் அதற்கென்று ஒரு அண்ணன் இருக்கிறார். லாரி வாசலில் நின்றுகொண்டு விரலால் மட்டும் காட்டுவார். யாராவது கூரையில் தொங்கவிடும் ரிக்கிங் சாமான் பெட்டியை மானிட்டர் பெட்டிக்கு முன்னால் ஏற்ற வந்தால், "அதுக்கு என்னப்பா அவசரம், அது தூங்கட்டும்" என்பார். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. டூர் முழுவதும் நேரத்துக்கு நடப்பது பெரும்பாலும் அவர் விரலால்தான். போஸ்டரில் அவருக்கு இடமில்லை. எனக்கும்தான் இல்லை, அது வேறு விஷயம்.

காலையில் முதலில் உள்ளே போவது ரிக்கர்கள். வெறும் தரையில் லேசரும் டேப்பும் வைத்து அளந்து, சாக்பீஸால் புள்ளி போடுவார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் மேலே கூரையிலிருந்து ஒரு சங்கிலி மோட்டார். பட்டறைகளில் மோட்டார் மேலே இருக்கும், கொக்கி கீழே இறங்கும். எங்களுடையது தலைகீழ். கொக்கியை மேலே மாட்டிவிட்டால் மோட்டார், தன் சங்கிலியைத் தானே பிடித்துக்கொண்டு ட்ரஸ் என்னும் உலோகச் சட்டத்தைத் தூக்கியபடி ஏறும். கனமான மோட்டாரை யாரும் கூரைக்குச் சுமக்க வேண்டியதில்லை, சங்கிலியை மட்டும் இழுத்தால் போதும். எதுவும் நகர்வதற்கு முன் ரிக்கர் உரக்க ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்கு ஃபோனில் பேசிக்கொண்டிருப்பவர்கூட அண்ணாந்து பார்த்துவிட்டு விலகிப் போவார். அண்ணாந்து பார்க்காத ஆளை அடுத்த ஊருக்குக் கூட்டிப்போக மாட்டோம்.

நான் உள்ளே போவது அதற்குப் பிறகு. என் பெட்டிகளை நானே தள்ளுவேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஓடிவந்து, "விடுங்க மேடம், நாங்க பார்த்துக்கறோம்" என்பார்கள். மரியாதைக்காகத்தான், தப்பில்லை. ஆனால் அப்படி அவர்கள் பார்த்துக்கொண்ட பெட்டி ஒருமுறை மேடையின் அந்தக் கோடியில் போய் நின்றது. இப்போதெல்லாம், "நீங்க அந்தப் பக்கம் பிடிங்க தம்பி, ரெண்டு பேருமா தள்ளுவோம்" என்று சொல்லிவிடுகிறேன். மதியத்துக்குள் மேடம் அக்காவாகிவிடும். அதன்பிறகு வேலை நன்றாக ஓடும்.

கேபிள் சுற்றுவது பற்றி எழுதாவிட்டால் தொழில்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். புதிதாக வருகிற பையன் எவ்வளவு படித்திருந்தாலும் முதல் நாள் அவன் கையில் ஒரு மைக் கேபிளைக் கொடுத்துச் சுற்றச் சொல்வேன். முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே சுற்றினால் அன்றைக்கு அவன் மைக் பக்கம் வர முடியாது. அப்படிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே ஒரு முறுக்கு ஏறும். கொஞ்ச நாளில் உள்கம்பி விட்டுப்போகும். சரியான முறை வேறு. ஒரு வளையம் சாதாரணமாக. அடுத்த வளையத்துக்கு மணிக்கட்டை உள்பக்கம் திருப்பி, கேபிள் தனக்கு அடியிலேயே போகும்படி. மறுபடி சாதாரணம், மறுபடி அடியில். ஒன்றில் ஏறும் முறுக்கை அடுத்தது அவிழ்த்துவிடும். இப்படிச் சுற்றிய கேபிளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மேடைக்குக் குறுக்கே வீசினால், நேராகப் போய் விழும், ஒரு சிக்கு இருக்காது. அந்த வீச்சில் ஒரு சுகம் இருக்கிறது. இருபது மீட்டர் கேபிள் தரையில் சர்ரென்று ஓடி டிரம் நிற்கும் சின்ன மேடைக்குப் பக்கத்தில் போய் நிற்கும்போது, யாரும் பார்க்கவில்லை என்றாலும் எனக்கு ஒரு கர்வம் வரும்.

அடுத்தது மின்சாரம். இதைத்தான் நான் உண்மையாகவே பயத்தோடு பார்க்கிறேன். மூன்று ஃபேஸ் இணைப்பில், 230 வோல்ட் நாடுகளில், ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 இருக்கும். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400. எங்கள் பெட்டிகள் எல்லாம் 230-ஐ நம்பிப் பிறந்தவை. நியூட்ரல் ஒயர் எங்காவது தளர்ந்தால் அந்தக் கணக்கு குலைந்துவிடும். சுமை குறைவாக இருக்கும் ஃபேஸில் வோல்டேஜ் ஏறும், அதிகமாக இருக்கும் ஃபேஸில் இறங்கும். முழுதாகக் கழன்றுவிட்டால் ஏறுவது 400-ஐ நோக்கிக்கூடப் போகும். அதில் மிக்ஸர் மாட்டியிருந்தால் அவ்வளவுதான்.

ஒரு அரங்கத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணன் எப்போதும் போல மீட்டரோடு போனார். அந்த இடத்தைச் சேர்ந்தவர், "காலையிலேயே செக் பண்ணிட்டோம் சார், பக்காவா இருக்கு, மாட்டிக்கலாம்" என்றார். அண்ணன் பதில் சொல்லவில்லை. முதல் ஃபேஸில் மீட்டரை வைத்தார், 236. அடுத்தது 189. மூன்றாவது 275. மீட்டர்தான் கெட்டுவிட்டதோ என்று என்னுடையதையும் வாங்கி வைத்துப் பார்த்தார். அதே எண்கள். "சார், உங்க ஹால் லைட்டெல்லாம் இதே லைன்லதானே ஓடுது?" என்று மட்டும் கேட்டார். மெயினை அணைக்கச் சொல்லிப் பெட்டியைத் திறந்தால் நியூட்ரல் போல்ட் தளர்ந்து, சுற்றிலும் கருகிப்போயிருந்தது. இறுக்கினால் சரியாகிவிடும் என்றார் அந்த மனிதர். கருகிய முனையை வெட்டி, புதிய லக் அடித்து, மறுபடி மூன்று எண்களும் சமமாக வரும்வரை எங்கள் பெட்டி ஒன்றைக்கூட அண்ணன் மாட்ட விடவில்லை. மூன்று மணி நேரம் போனது. மேனேஜர் தலையில் கைவைத்தபடி வாசலுக்கும் மேடைக்கும் நடந்துகொண்டிருந்தார். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதோடு சேர்ந்தது ஹம். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் ஒரு சத்தம் வருமே, அதுதான். இரண்டு கருவிகள் இரண்டு வழியாக எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் வரும். அவசரக்காரர்கள் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிடுவார்கள். ஹம் உடனே நின்றுவிடும். கூடவே, மைக்கைத் தொடும் பாடகரைக் காப்பாற்ற இருந்த முக்கியமான வழியும் போய்விடும். வாத்தியத்தின் சிக்னலை மிக்ஸருக்குத் தகுந்தபடி மாற்றும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கிறது. சிக்னல் ஒயரின் எர்த்தை மட்டும் அது விலக்கும், மின்சாரத்தின் எர்த்தைத் தொடாது. அதற்கும் அடங்காவிட்டால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். பின்னை உடைத்த பிளக்கை நான் எங்கே கண்டாலும் கட்டரால் நறுக்கிக் குப்பையில் போட்டுவிடுவேன். அது யாருடைய ஒயர் என்று கேட்பதெல்லாம் அப்புறம்.

காற்றும் சும்மா இருக்காது. வெளியில் பெரிய மைதானம் என்றால் மேடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, பின்வரிசைக்காக இன்னொரு ஸ்பீக்கர் கோபுரம் நிற்கும். மேடையிலிருந்து வரும் சத்தம் நடந்து வர நேரமாகும். ஒயரில் போவது உடனே போய்விடும். அதனால் கோபுரத்தைக் கொஞ்சம் தாமதிக்க வைக்க வேண்டும். மதியம் வெப்பம் 35 டிகிரி என்றால் 60 மீட்டருக்கு 170 மில்லிசெகண்ட். இரவு 25 டிகிரிக்கு இறங்கினால் ஒலி மெதுவாகும், 173 ஆகிவிடும். மூன்று மில்லிசெகண்டில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். இரண்டு சத்தமும் கலக்கும் இடத்தில் நின்று கேட்டால் தெரியும், ஹைஹேட் கலங்கிப்போயிருக்கும். அதனால் ரசிகர்களுக்கான ஸ்பீக்கர் சிஸ்டம் பார்க்கும் தம்பி, சூரியன் இறங்கியதும் ஒரு தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு எண்ணை மாற்றுவான். காற்று உலர்ந்திருந்தால் உச்சத்து ஒலிகள் வழியிலேயே தேய்ந்துபோகும், ஈரம் ஏறினால் தூரம் போகும். மதியம் தரை கொதிக்கும்போது ஒலி மேல்நோக்கி வளையும். ராத்திரி தரை குளிர்ந்தால் கீழ்நோக்கி. மைதானத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் ராத்திரியில்தான் புகார் கொடுக்கிறார்கள் என்றால் அவர்கள் தூக்கம் மட்டும் காரணமில்லை.

இந்த வெளி விஷயமெல்லாம் என் துறை இல்லைதான். ஆனால் தாழ்ந்த ஒலி முன்னால் மட்டும் போகாது, எல்லாத் திசையிலும் பரவும். சப்வூஃபரிலிருந்து மேடைக்குத் திரும்பி உருண்டு வந்து என் பாடகரின் மைக்கிலேயே விழும். அவர் உடனே, "இன்னிக்கு எல்லாம் கொழகொழன்னு இருக்கு" என்பார். அதைத் தடுக்க மூன்று சப்பில் ஒன்றைப் பின்னோக்கித் திருப்பி, போலாரிட்டியை மாற்றி, கொஞ்சம் டிலே கொடுத்து வைப்பார்கள். பின்பக்கம் போகும் சத்தத்தில் பெரும்பகுதி அடிபட்டுவிடும். அப்படி வைக்க இடம் இருக்கிறதா என்று நானும் சிஸ்டம் தம்பியும் தினம் ஒருமுறை வாக்குவாதம் செய்வோம். அவனுக்கு முன்வரிசை நெஞ்சில் பஞ்ச் வேண்டும், எனக்கு மேடை சுத்தமாக வேண்டும். பாதி நாள் அவன் ஜெயிப்பான்.

வயர்லெஸ் இன்னொரு தலைவலி. மைக், கிதார், ஒவ்வொருவர் இயர்பீஸ் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி அலைவரிசை. 600 மெகாஹெர்ட்ஸில் ஒன்று, 601-இல் ஒன்று என்று சும்மா வைத்துவிட முடியாது. இரண்டும் கலந்து 599-இலும் 602-இலும் பேய் மாதிரி இரண்டைப் பெற்றுப்போடும். அந்த இடங்களில் வேறு எதையும் வைக்கக் கூடாது. இருபது அலைவரிசை என்றால் இந்தக் கணக்கை மனிதர்கள் போட முடியாது, மென்பொருள்தான் போடும். ஊருக்கு ஊர் தொலைக்காட்சி நிலையங்கள் வேறு, நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அமெரிக்காவில் 614 முதல் 698 வரையிலான பகுதியில் பெரும்பங்கு மொபைல் நிறுவனங்களுக்குப் போய்விட்டது. 2020 ஜூலைக்குப் பிறகு அங்கே மைக் வைத்தால் குற்றம். நேற்று மாதிரியே என்பது இங்கே நடக்கவே நடக்காது. தினமும் ஸ்கேன் செய்து, தினமும் புதிதாகப் பிரிக்க வேண்டும். அதுவும் மேடையின் எல்இடி திரை எரிந்துகொண்டிருக்கும்போது செய்ய வேண்டும். அந்தத் திரையே ஒரு ரேடியோ இரைச்சல் மூட்டை. அதை அணைத்துவிட்டு ஸ்கேன் செய்தால் காற்று தெளிவாகத் தெரியும், கச்சேரி தொடங்கியதும் மைக் கரகரக்கும்.

இடுப்பில் மாட்டும் டிரான்ஸ்மிட்டரின் எதிரி வியர்வை. ஆடிப் பாடுகிறவர் என்றால் பாதிக் கச்சேரியில் உள்ளே தண்ணீர் இறங்கிவிடும். இதற்கு நாடகக்காரர்கள், சினிமாக்காரர்கள் எல்லோரும் கண்டுபிடித்த பழைய வைத்தியம் ஆணுறை, எண்ணெய்ப் பசை இல்லாதது. பெட்டியைச் செருகி, முனையை முடிந்து, டேப் ஒட்டினால் சொட்டு இறங்காது. டூர் தொடங்கும்முன் மொத்தமாக வாங்குவது என் வேலை. மருந்துக் கடையில் ஒரு பெண் பத்து டப்பா கேட்டு, கூடவே, "பசை இல்லாததா பார்த்துக் குடுங்க" என்றும் சொன்னால் கடைக்காரர் முகம் எப்படிப் போகும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை.

கச்சேரி ஓடும்போது நான் பாட்டைக் கேட்பதே இல்லை என்பது உண்மை. பாடகரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் விரலால் காதைத் தொட்டு மேலே காட்டினால் குரல் ஏற வேண்டும். கிதார்காரரைப் பார்த்துக் கையைக் கீழே அமுக்கினால் அவர் இறங்க வேண்டும். பல சமயம் கையே தூக்க மாட்டார். ஒரு வரியை முடித்துவிட்டு என் பக்கம் அரை நொடி திரும்புவார், புருவம் லேசாகச் சுருங்கியிருக்கும். அதிலேயே எது குறைகிறது என்று தெரிய வேண்டும். நான் அவர் கேட்கும் அதே மிக்ஸை என் காதிலும் போட்டுக்கொண்டு, அவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதை அவருக்கு முன்னால் கேட்க முயற்சி செய்வேன். இரண்டாவது பாட்டின் சரணத்தில் அவர் எப்போதும் மைக்கைக் கொஞ்சம் விலக்குவார். அது எனக்குத் தெரியும், விரல் தானாகக் குரலை ஏற்றும் ஃபேடருக்குப் போய்விடும்.

மைக் பற்றியும் ஒரு வார்த்தை. ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 1966-இல் வந்தது. இன்றைக்கும் அது இல்லாத லாரியை நான் பார்த்ததில்லை. உருண்டைத் தலையைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு பஞ்சு இருக்கும். அதைக் கழுவிக் காய வைப்பதும் என் வேலைதான். யார் சாப்பிட்டுவிட்டுப் பாடினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், வெளியில் சொல்ல மாட்டேன்.

சண்டை வருவது ஒரே விஷயத்துக்கு. சிலர் கூட்டத்தோடு சேர்ந்து பாட ஆசைப்பட்டு ஒரு காதிலிருந்து இயர்பீஸை எடுத்துவிடுவார்கள். இரண்டு காதில் கேட்டது ஒன்றில் கேட்கும்போது சத்தம் குறைந்தது போலத் தோன்றும். உடனே, "ஏத்து, ஏத்து" என்பார்கள். ஏற்றினால் மிச்சமிருக்கும் ஒரு காதும் அடி வாங்கும். தொழில் பாதுகாப்பைப் பார்க்கும் அமெரிக்க நிறுவனமான நியோஷின் கணக்குப்படி 85 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு மூன்று டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலுக்கு வெறும் 15 நிமிடம். ஒரு கச்சேரி எத்தனை நிமிடம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் காதுக்கு அளவெடுத்துச் செய்த பிளக் வைத்திருக்கிறேன். பஸ்ஸிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவேன், அது குறட்டைக்காக.

பஸ் தூக்கத்துக்கும் விதிகள் உண்டு. படுக்கையில் கால் வண்டியின் முன்பக்கம் இருக்க வேண்டும், தலை பின்பக்கம். டிரைவர் திடீரென்று பிரேக் அடித்தால் கழுத்துக்குப் பதில் கால் போய் முட்டட்டும் என்று. கழிப்பறையில் சிறுநீருக்கு மட்டும் அனுமதி. இந்த இரண்டாவது விதியை மீறியவரைப் பற்றி அடுத்த டூர் வரைக்கும் பேசுவார்கள். கண் விழிக்கும்போது எந்த ஊர் என்று தெரியாது, ஜன்னல் திரையை விலக்கினால் எல்லா ஊரிலும் தெரிவது ஏதோ ஒரு கட்டிடத்தின் முதுகுதான். குப்பைத் தொட்டி, ஏசி மெஷின், சரக்கு இறக்கும் கதவு. என்னிடம் ஊர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். கட்டிடங்களின் பின்பக்கத்தைப் பற்றிக் கேளுங்கள், மணிக்கணக்கில் பேசுவேன்.

பேசினால் அது பெரும்பாலும் புலம்பலாகத்தான் இருக்கும். கட்டிடம் வடிவமைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கவனிக்கவும். முகப்பில் பளிங்கும் கண்ணாடியும் அருமை. நாற்காலி மெத்தென்று இருக்கிறது. ஆனால் மேடையை இரண்டாவது மாடியில் வைத்துவிட்டு, சரக்கு லிஃப்டை 110 சென்டிமீட்டர் அகலத்தில் போட்டிருக்கிறீர்கள். எங்கள் பெட்டி 120. இந்தப் பத்து சென்டிமீட்டருக்காக ராத்திரி ஒரு மணிக்கு மேல் எட்டுப் பேர் ஒரு மிக்ஸரைப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு இறங்குகிறோம், திருப்பத்தில் கைப்பிடிச் சுவர் இடிக்கிறது. லாரி அண்ணன் கீழே விரலை நீட்டியபடி நின்றுகொண்டே இருக்கிறார். லிஃப்ட் முடியாவிட்டால் மேடை உயரத்துக்கு ஒரு கதவு, அதற்கு ஒரு சரிவுப் பாதை. அதுவும் செங்குத்தாக வேண்டாம். கதவின் வாசல்படியில் இரண்டு அங்குல மேடு வேண்டவே வேண்டாம்.